மூன்று விரல்களால் ரம்பம் பிடித்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தெய்வானை அக்காவின் மாப்பிள்ளை. போலாரத்திலிருந்து நான் இருக்கும் அல்வால் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்திருப்பார் போலும். வண்டியை விட்டு இறங்காமலேயே, "அத்தை போயிட்டாங்க ஆன்ட்டி. தூங்கினவங்க எந்திரிக்கல" என்றார். கதவைத் திறந்து அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "யார் யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டார். தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களோடு வாழ்ந்து, இன்று ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு தெய்வானை அக்கா பெட்ரோல் ரம்பத்தோடு நடந்து போன பெண். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, காலில் ஆண்கள் அணியும் பூட்ஸ். எனக்கு அவர் அந்தச் சட்டை போடுவதற்கு முந்தைய நாளிலிருந்தே பழக்கம். அவருடைய கணவர் சுப்பையா எங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து இறங்கி வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழவில்லை. இந்தத் தெலுங்கு ஊரை விட்டு, விருதுநகர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கே திரும்பிவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தினார்கள். அக்கா மறுத்துவிட்டு, கணவரின் இடத்தில் தனக்கு ஒரு வேலை கேட்டு எங்கள் எஸ்டேட் பிரிவுக்கு வந்து நின்றார். குடியிருப்பின் சாலை, தண்ணீர், மரங்களைப் பராமரிப்பது அந்தப் பிரிவின் பொறுப்பு. நான் அங்கே டைப்பிஸ்ட்.

கேன்டீனில் தேநீர் கொடுக்கலாம், குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கலாம் என்றார் எங்கள் பிரிவின் அதிகாரி. அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். இரண்டு பேர் ஒரு பெரிய ரம்பத்தின் இரு முனைகளையும் பிடித்து, விழுந்து கிடந்த கிளையொன்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காந்து அழுறதுக்கு எடம் இல்லாத வேல எதுவோ அதக் குடுங்க சார். அந்தா, அதக் குடுத்தாலும் செய்வேன்."

நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொன்னேன். அப்போது தமிழ் தெரியாத அதிகாரி நம்பாமல் இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னார்.

மரவேலைக் குழுவில் ஒரு பெண்ணோடு ரம்பம் இழுக்க யாரும் முன்வரவில்லை. ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். கடைசியில் குழுவின் மேஸ்திரி யாகூப் பாய் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, உருது கலந்த தன் தமிழில் சொன்னார்: "கைகூ, எதுக்கு இத்தனை பேச்சு? அந்தப் பக்கம் பிடிம்மா. உன் பக்கம் இழு. தள்ளறது மட்டும் நக்கோ, வேணாம்." மாலைக்குள் அக்காவின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வாக்குவாதம் தானாக ஓய்ந்தது.

எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் ரம்பம் வந்தது. அதன் சத்தத்துக்கே பலர் விலகி நின்றார்கள். அக்காதான் முதலில் கற்றுக்கொண்டார். இரண்டு வருடம் அவர் கைக்கு அது பழகிய பசுவைப் போல அடங்கி நடந்தது. பிறகு ஒரு மழைக்கால மதியம், விழுந்த வாகை மரமொன்றைத் துண்டு போடும்போது, ரம்பத்தின் நுனி இலைகளுக்குள் மறைந்திருந்த இன்னொரு கிளையில் முட்டியது. இயந்திரம் துள்ளி எழுந்தது. இடது கை பிடி நழுவியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது அவர் அழவில்லை. கட்டுப் போட்ட கையைப் போர்வைக்கு மேல் வைத்துக்கொண்டு, "ஜானகி, மிஷின யாராச்சும் தொடச்சு வச்சாங்களா? மழையில கெடக்கப்போவுது" என்றார். நான் வெளியே வந்து அழுதேன்.

இனி அவர் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அதிகாரி நல்ல மனிதர். விதைக் கிடங்கில் உட்காரும் வேலை ஒன்றை அவருக்காகவே ஏற்பாடு செய்தார். அக்கா நன்றி சொன்னார், கிடங்குக்கும் போனார். ஆனால் மறுபடி ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் நிறைகுடத்தை மூன்று விரலால் தூக்கி நடந்தார். ஈர மணல் நிரப்பிய வாளியைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நிற்பார். நான் தாங்காமல், "எதுக்குக்கா இந்தப் பாடு?" என்றேன். "கை எனக்காக வேல செய்யணும். நான் கைக்காக வேலய விடக் கூடாது" என்றார்.

கடைசியில் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகள் காப்பகத்தை ஒட்டிப் பட்டுப்போன தைல மரம் ஒன்று நின்றது. எப்படியும் வெட்ட வேண்டிய மரம். ஞாயிற்றுக்கிழமை, காப்பகத்தில் யாருமில்லை. டாக்டர், அதிகாரி, யாகூப் பாய், வேடிக்கை பார்க்க முக்கால்வாசிக் குடியிருப்பு. அக்கா ரம்பத்தை முடுக்கினார். மூன்று விரல் பிடி இறுகியது. மரத்தருகே போய் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் மிச்சமிருந்த காய்ந்த இலைகள் காப்பகத்தின் கூரைப் பக்கம் சாய்ந்து ஆடின. இயந்திரத்தை அணைத்துக் கீழே வைத்தார்.

"தெய்வானம்மா, ஏமைந்தி? என்ன ஆச்சு?" என்று அதிகாரி தெலுங்கும் இத்தனை வருடத்தில் கற்ற தமிழுமாகக் கேட்டார். "டாக்டர் சாப் வெயிட் பண்றார்."

"காத்து திரும்பிருச்சு சார். இன்னைக்கு வேணாம்."

"கயிறு கட்டி இழுத்துக்கலாமே?"

"இந்தக் காத்துக்குக் கயிறு பத்தாது. இன்னைக்கு வெட்ட மாட்டேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. "பயந்துட்டா" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். யாகூப் பாய் மட்டும் பீடியைப் பற்றவைத்துப் புகை போகும் திசையைப் பார்த்து, "ஹவ், ஆமா" என்று தலையாட்டினார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் செம்பு பாய்லருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார். "நெசமாவே பயந்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பயந்தேன். பயம் இருந்தா காத்தப் பாப்போம், கெளையப் பாப்போம். பயம் இல்லாத அன்னைக்குத்தான் வெரல் போச்சு."

அடுத்த ஞாயிறு காற்றே இல்லை. போன வாரக் கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. டாக்டரை அதிகாரி வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். மரம் விழ வேண்டிய பக்கத்தில் அக்கா வாய் போல ஒரு வெட்டு வெட்டினார். பின்பக்கம் போய் அறுத்தார். நிறுத்தினார், அண்ணாந்து பார்த்தார், மறுபடி அறுத்தார். மரம் முனகியது. காலி மைதானத்தின் பக்கம் நீட்டிப் படுத்தது. காப்பகத்தின் கூரையில் ஒரு சுள்ளிகூட விழவில்லை. டாக்டர் கிட்டே வந்து அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்கிறதா?" என்றார். "வலிக்குது சார்" என்றார் அக்கா. "ஆனா புடிக்குது." அடுத்த நாளே அவர் குழுவுக்குத் திரும்பினார். ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தார்.

என் மூத்தவள் ஒரு மார்கழியில் பிறந்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்கள். குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீருக்கு நான் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் வீட்டுக்குச் சேர்த்துவைத்திருந்த காய்ந்த கருவேலங்கட்டைகளை அக்கா தலைச்சுமையாகக் கொண்டுவந்து என் வாசலில் போட்டார். "பச்ச வெறகுல பொகதான் வரும், சூடு வராது" என்று திட்டிவிட்டு, அடுப்பை அவரே பற்றவைத்தார். வெந்நீர் கொதித்த பிறகுதான் குழந்தையின் முகத்தையே பார்த்தார்.

அவருடைய மகள் வசந்தா இப்போது பள்ளி ஆசிரியை. அடக்கம் முடிந்து திரும்பும்போது, "அம்மா கிட்ட நான் தமிழ்ல பேசினதே கம்மி ஆன்ட்டி. அவங்க தமிழ்ல திட்டுவாங்க, நான் தெலுங்குல பதில் சொல்வேன். இப்ப யாரு திட்டுவாங்க?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று இந்த நாட்களில் யோசித்தேன். போன வருடம் எங்கள் பிரிவில் புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை, பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்பதற்காக, கசிவுச் சோதனை முடியும் முன்பே திறந்துவிடச் சொன்னார்கள். டைப்பிஸ்டாகச் சேர்ந்த நான் இப்போது அந்தப் பிரிவின் பொறுப்பில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டியிருந்தது. அறை நிறைய ஆண்கள் காத்திருந்தார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. "இன்றைக்கு முடியாது" என்றேன்.