ரத்தத்தில் ஒன்றுமில்லை

போன வாரம் நகரி பஸ்ஸில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். விஜயபுரத்து விவசாயி. இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவராம்.

"இன்னா சார், எட்டு மாசமா உங்க எழுத்தையே காணோம்? ஒடம்பு சரியில்லியா?"

"மஞ்சள் காமாலை" என்றேன்.

"அடடா... கீழாநெல்லி அரைச்சிக் குடிச்சீங்களா?"

குடித்தேன் என்று அதற்கும் ஒரு பொய். புத்தூரில் நான் இறங்கும்வரை பத்தியம் சொல்லிக்கொண்டே வந்தார், பாவம்.

காமாலை, டைபாய்டு, ஏன், மூலத்தைக்கூட பஸ்ஸில் உரக்கச் சொல்லலாம். எனக்கு வந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவரிடம் மறைத்ததை உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

நான் சித்தூர் கலெக்டர் ஆபீஸில் சர்வே வரைபடம் வரைகிறவன். எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி மதராஸோடு போயிற்று. நாங்கள் ஆந்திராவில் நின்றோம். என் செக்ஷனில் தமிழ் பேசுகிறவர்கள் நாலு பேர். மூவர் மதராஸ் பக்கம் வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் நைனாவுக்கு, அப்பாவுக்குத்தான், புத்தூர் அருகே நிலம் — நான் தங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் என் டிபன் பாக்ஸ் மட்டும் மிஞ்சியது.

அதனால்தான் வந்ததா? தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க மட்டும் முடியாது. இட்லி துணியை மெல்லுவது போல இருக்கும். ஒரு வயல் வரப்பை வரைய ஒரு முழுக் காலை ஆகும். இந்தப் பக்கத்துக்கு எழுதப் பேனாவைத் தொடவில்லை. நான் இருப்பதே வீட்டுக்குப் பாரம் என்று தோன்றும். ஒருநாள், இல்லாமலே போய்விட்டால் என்ன என்றும் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி வள்ளிதான் முதலில் கண்டுபிடித்தாள். "நீங்க எதிர்லயே குந்திக்கினு கீறீங்க. ஆனா வூட்ல நா மட்டும்தான் இருக்கற மாதிரி இருக்குது" என்றாள்.

காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போய்ப் பிரதட்சிணம் செய்ய வைத்தாள். சொந்தக்காரர்கள் டானிக் கொண்டுவந்தார்கள். "இன்னாப்பா கொறைச்சல் ஒனக்கு? கெவர்மெண்ட் உத்தியோகம், நல்ல பொண்டாட்டி" என்றார் மாமா. குறை எதுவுமில்லை என்பது எனக்கும் தெரியும். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் போனோம். குண்டூர்ப் பக்கத்துக்காரர். ரத்தம் பார்த்தார், மார்பை எக்ஸ்ரே எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"அப்ப ஒண்ணுமில்லதானே, சார்?" என்றாள் வள்ளி.

அவர் தெலுங்கில் சொன்னார்: ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன், இவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லையே.

பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார். "ஆகலி உந்தா?" பசி இருக்கிறதா? தூக்கம்? கடைசியாக எப்போது சிரித்தீர்கள்? சாக வேண்டும் என்று நினைப்பு வந்ததா?

தெலுங்கில் எனக்கு மனு எழுத வரும், சர்வே நம்பர் சொல்ல வரும். இதற்கு எங்கே வார்த்தை? திணறினேன்.

"தமிள்ல செப்பண்டி" என்றார். "எனக்கு மெள்ள அர்த்தம் ஆகும்."

சொன்னேன். அந்தக் கடைசிக் கேள்விக்கும் பதில் சொன்னேன். வள்ளி என் சட்டைக் கையைப் பிடித்தாள். நாங்கள் வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.

இது சோம்பல் இல்லை, பேய் பிசாசும் இல்லை, மனச்சோர்வு என்கிற வியாதி என்றார் டாக்டர். ஆறு வாரம் மாத்திரை இல்லாமல் பார்ப்போம் என்றார். குறையாவிட்டாலோ, சாகிற நினைப்பு மறுபடி வந்தாலோ அன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன், அங்கே மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை என்றார். அந்த ஆறு வாரமும் என்னைத் தனியாக விடவேண்டாம் என்று வள்ளியிடமும் சொன்னார்.

தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். வெயில் ஏறுமுன் நீவா ஆறு வரை நடை. முன்பு பிடித்த வேலை ஏதாவது தினம் ஒன்று. அது எவ்வளவு பிடித்தது என்று பத்துக்கு இத்தனை என நோட்டில் எழுத வேண்டும். வியாழன்தோறும் போய்ப் பேச வேண்டும்.

"எதுவுமே பிடிக்கலியே, சார்?"

"பிடிச்ச அப்புறம் செய்யறது இல்ல. செய்யணும். பிடிக்கறது வெனக்க வரும்" என்றார். வெனக்க என்றால் பின்னால். எனக்கு நம்பிக்கையில்லை. வள்ளி விடவில்லை, கூடவே நடந்தாள்.

நடை — 0. பேப்பர் படித்தது — 0. வள்ளியோடு காபி — 0. நாலு வாரம் நோட்டு முழுக்க முட்டை.

ஐந்தாவது வாரம் ஆற்று மணலில் இரண்டு சலவைத் தொழிலாளிகள் ஒரு கழுதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அது நகரவில்லை. ஒருவர் தெலுங்கில் அதட்டினார். மற்றவர், "அதுக்குத் தெலுங்கு வராது, நா அதைத் திருத்தணி சந்தைல வாங்கினேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக. வள்ளி என் முகத்தையே பார்த்தாள். பிறகு மணலில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று நோட்டில் 'நடை — 2' என்று எழுதினேன். மறுநாள் மறுபடி முட்டைதான். ஆனால் அதற்கடுத்த வாரம் ஒரு 3 வந்தது. வேலூர் போக வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லமாட்டேன். எனக்கு ஆனது இது.

ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் இன்னும் நான் ஒருவன்தான். அதை எந்த டாக்டர் மாற்ற முடியும்? ஆனால் டப்பாவில் இருப்பதைச் சாப்பிட்டு முடிக்கிறேன்.

போன மாதம் டாக்டர், "இனி நீங்க வர அவசரம் லேது" என்றார். அவசரம் என்றால் தெலுங்கில் தேவை; லேது என்றால் இல்லை. தலையாட்டிவிட்டு எழுந்தேன். அவர் எழவில்லை. குடும்பம் குண்டூரிலேயே இருக்கிறதாம், இந்த ஊரில் நோயாளிகளைத் தவிர யாரையும் தெரியாதாம். இத்தனை வாரத்தில் நான் கேட்கவே இல்லை.

அடுத்த வியாழனும் போனேன்... இப்போதெல்லாம் பெரும்பாலும் அவர் பேசுகிறார், நான் கேட்கிறேன்.