பம்பரத்தின் கையில் ஒரு கம்பி

உலைக்கூடத்தில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்தால் தொடை ஆடும், நின்றால் குதிகால் ஆடும். கல்யாணப் போட்டோவில் மனைவி தெளிவாக இருக்கிறாள். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு கலங்கல். இப்பேர்ப்பட்டவனுக்குத்தான் அசையாமல் நிற்கிற வேலையை நிர்வாகம் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தது.

உருகிய இரும்பின் மேல் பாலாடை போலக் கசடு மிதக்கும். நீளக் கம்பியின் நுனியில் அட்டைக்குழல், குழலின் மூக்கில் விரல்நுனி அளவு சென்சார். கசட்டில் முக்கினால், உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்பதை மின்னழுத்தமாகச் சொல்லிவிட்டு எரிந்துபோகும். திரையில் கோடு ஏறி, சில நொடி படுத்துக்கொள்ள வேண்டும். படுத்தால்தான் கணக்கு. அந்தச் சில நொடி பம்பரம் சிலை. அவனுக்கு வாழ்க்கையில் வாய்த்த நிம்மதியே அவ்வளவுதான்.

இந்த வாரம் கோடு படுக்கவில்லை. பல்வலிக்காரன் போலப் புரண்டது. இன்ஜினியர் திரையையும் பம்பரத்தின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் சரக்கு யார்டுக்கு மாற்றிவிடுவதாகவும், அங்கே இஷ்டம்போல ஆடிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

பம்பரம் யார்டுக்குப் போகத் தயாராக இல்லை. வீட்டில் ஒட்டடைக் கம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வாளியை உலையாக பாவித்துப் பயிற்சி எடுத்தான். மனைவி வாளியைப் பிடுங்கித் துணி ஊறவைத்தாள்.

"நீங்க அப்படியே நில்லுங்க. காயப்போட ஒரு கொடி குறையுது."

மறுநாள் கம்பியை இறக்கினான். மூச்சைக்கூட அடக்கினான். குழல் சுர்ரென்று சீறிக் கசட்டைத் துப்பியது. திரையைப் பார்க்கிறவன் மனைவியின் தம்பி. மைக்கில் அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மாமா, நீங்க ஆடல. குழல்தான் ஆடுது. குழல் பெட்டிய குளிப்பாட்டினீங்களா?"

பம்பரத்துக்குப் பொறி தட்டியது. அட்டை கொஞ்சம் ஈரம் குடித்தாலும் உலையில் கொதித்துத் துள்ளும். அதற்காகத்தான் பெட்டிகள் உலைச்சுவரின் கதகதப்பில் கிடக்கும். சும்மா இருக்க முடியாத ஒரு மதியம், வழியை அடைக்கிறது என்று அவற்றைத் தூக்கிக் கைகழுவும் குழாய்க்குப் பின்னால் அழகாக அடுக்கிய புண்ணியவான் அவன்தான்.

சுவரோரம் ஒரு பெட்டி தப்பிக் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து, புதுக் குழல் மாட்டி இறக்கினான். கோடு ஏறியது, உண்ட களைப்பில் படுப்பதுபோலப் படுத்தது.

பெட்டியை நகர்த்தியது யார் என்று இன்ஜினியர் கேட்டார். மச்சினன் மைக்கை அணைத்துவிட்டான். பம்பரம் குழாயைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"நான்தான் சார். சும்மா இருந்தேன், அதான்."

கம்பி அவனிடமே இருக்கட்டும் என்றார் இன்ஜினியர். ஆனால் இனி வேறெதையும் தொடக் கூடாது, மற்ற நேரமெல்லாம் பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

உட்கார்ந்திருக்கிறான். எதிர்ச் சுவரில் தீயணைக்கும் மணல் வாளிகள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒன்று மட்டும் கோணலாக. தொடை ஆட ஆட, பெஞ்ச் அதை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.