அழித்த மஞ்சள்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அச்சுக் கடையில் கலர் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டவள் முப்பது வயதுப் பெண். கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். அச்சடித்த தாளை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

நான் வேலை செய்யும் பட்டுக் கடையின் விளம்பரப் புத்தகத்துக்காகப் போயிருந்தேன். படத்தில் நிறம் மாறினால் வெளியூர்க்காரர்கள் புடவையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பல தாள்கள் வீணான பிறகு அரக்கு நிறம் புடவையோடு பொருந்தியது. அந்த நிறக் கலவையின் அளவைச் சேமிக்கப் போனால், பிரிண்டரில் மெமரி நிறைந்திருந்தது.

“பழசு ஒண்ணை அழிச்சாத்தான்கா இது நிக்கும். இல்லாட்டி அடுத்த வாட்டி முதல்லேர்ந்து பார்க்கணும்” என்றவள், திரையில் இருந்த பட்டியலில் தேடாமல் நேராக ஒரு மஞ்சளைத் தொட்டாள்.

“யாருதும்மா அது? கேட்டுக்கினு வரப் போறாங்க.”

“என்னுதுதான்கா. என் கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் நின்னுடுச்சு. கலர் மட்டும் நல்லா வந்துச்சு.”

அழித்துவிட்டு எங்கள் அரக்கைச் சேமித்தாள்.

எத்தனையோ பேருடைய பழைய நிறங்கள் அதில் இருந்தன. எனக்காக விட்டுக்கொடுத்தாளா, அழிக்க ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தாளா, இன்றும் எனக்குத் தெரியவில்லை.