நுவரெலியாவில் இரண்டு நாள், இருவர் மட்டும்

1957 பெப்ரவரி 16, சனிக்கிழமை. ஐந்தரைக்கு, வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுத் தப்பு அடித்தது. ஆறரைக்குத் தோட்டத்து மருந்துச்சாலையைத் திறந்தேன். இருமல் மருந்துக்குப் பதினொரு பேர், காதுவலி இரண்டு, தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தியால் காலை வெட்டிக்கொண்டவர் ஒருவர். பத்தரைக்கு அலமாரியைப் பூட்டி, பக்கத்துத் தோட்டத்தில் என்னைப் போலவே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடம் சாவியைக் கொடுத்தேன். திங்கள் மாலை வரை நோயாளிகள் அவர் பொறுப்பு.

இந்தப் பயணத்துக்குக் காரணம் கொட்டகலைக் கடைவீதியில் தீபாவளிச் சாமான் வாங்கியபோது இலவசமாகக் கிடைத்த ஒரு கலண்டர். அதில் கடல், சாய்ந்த தென்னைகள், மணலில் நடக்கும் ஓர் ஆணும் பெண்ணும். என் மனைவி கமலம் அதை அடுப்படியில் மாட்டினாள். ஒரு வாரம் கழித்து, "இந்த மாதிரி ஒரு எடத்துக்குப் போயிட்டு வரணுங்க. நாம ரெண்டு பேரு மட்டும்" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. எங்கள் மூன்று பிள்ளைகள், என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பிள்ளை உட்பட எட்டுப் பேர். கதவைத் தட்டும் நோயாளிகள் கணக்கில் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் ஆசை என்பதால் உடனே விசாரிக்கத் தொடங்கினேன். கையில் முப்பது ரூபாதான் இருந்தது. கடலோர விடுதியில் ஓர் இரவுக்கே பன்னிரண்டு ரூபா. திருகோணமலைக்கு ரயில் செலவு அதற்கு மேல். நான் கணக்குப் போட்டிருந்த தாள்களைப் பார்த்துவிட்டுக் கமலமே முடிவு சொன்னாள்.

"நாம இருக்கிறதே தீவுதானங்க. கரைக்குப் போக முடியாட்டி உச்சிக்குப் போவோம்."

ஆகவே நுவரெலியா. ஏப்ரல் சீசனில் வாடகை இரட்டிப்பாகும்; பெப்ரவரியில் குளிர் கடுமை, வாடகை குறைவு. கடைக்கு மேலே மூன்று அறை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரிக்கு, எல்லோரும் நானா என்று அழைப்பவருக்கு, தபாலட்டை எழுதினேன். நாளொன்றுக்கு நான்கு ரூபா, காலையில் ஒரு வாளி வெந்நீர் சேர்த்து, என்று பதில் வந்தது.

இனி ஒரு சங்கடம் மட்டுமே மீதி. எங்கள் பக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து பெட்டி எடுத்தால் அது கல்யாணமாகவோ சாவாகவோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இந்தியாவுக்கே போகப் போகிறார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால் பெரிய கங்காணி கேட்டபோது, "நுவரெலியாவில் சொந்தக்காரர் வீட்டுக்கு" என்று சொல்லிவைத்தேன். அது பெரிய பிழை. ஒரு ஊருக்குப் போகிறவர் கையில் அந்த ஊருக்கான பார்சல் ஏறாமல் இராது என்பதை நான் மறந்திருக்கக் கூடாது.

புறப்படும் நேரத்தில் கங்காணி துணிமூட்டை ஒன்றோடு வந்தார். "நம்ம புள்ள ராணிக்குப் புள்ள பொறந்து பத்து நாளு ஆகுதுங்க. காயச் சரக்கு, பூண்டு, நல்லெண்ணெ. மருமகப்புள்ளைக்கு லொறியில சொல்லி அனுப்பிட்டேன். பஸ்சடியிலயே நிப்பாரு."

பிள்ளை பெற்றவளுக்கான சரக்கை ஒரு டிஸ்பென்சர் எப்படி மறுப்பது?

பகல் 1.20க்குக் கொட்டகலையில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, இருவருக்கும் ஒரு ரூபா நாற்பது சதம். தலவாக்கலை வருமுன் வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாமல் எல்லோரும் எழுந்து அருவியைத் தேடினார்கள். எதிரே இருந்த கிழங்கு வியாபாரி ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"சும்மாதான்" என்றாள் கமலம்.

அவர் எங்கள் பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சும்மாவா போறீங்க!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏறத்தாழ பதினேழு மைல் ஏறி 2.40க்கு நானு ஓயா. அங்கிருந்து ஐந்து மைல் பஸ், ஆளுக்கு இருபத்தைந்து சதம். கங்காணியின் மருமகன் சிவலிங்கம் சொன்னபடி பஸ்சடியில் நின்றார். மார்க்கெட்டில் மரக்கறி நிறுக்கும் வேலை. மூட்டையை வாங்குவார் என்று நீட்டினேன்; அவர் பெட்டியையும் சேர்த்து வாங்கித் தோளில் வைத்தார்.

"ரூம் பேசியிருக்கேன், தம்பி."

"ரூமா? நம்ம வீடு இருக்கயில காசு குடுத்துத் தங்குனா மாமா என்னைய உசிரோட விடுவாரா? ஆமா, உங்க சொந்தக்காரங்க எந்தத் தெரு? அவங்களையும் சாப்பாட்டுக்குக் கூட்டியாந்துருவோம்."

நான் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். கமலம் என்னைப் பார்க்கவே இல்லை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் வீடு: ஓர் அறை, ஒரு அடுப்படி. பெண்கள் உள்ளே பிள்ளையோடு, ஆண்கள் முன்பக்கம் என்று பாயைக்கூட ஒதுக்கி வைத்திருந்தார்கள். மூன்றரை மணிக்குள், டொக்டரையா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு வாசலில் நான்கு பேர் கூடிவிட்டனர். ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவருக்கு வந்து போன காய்ச்சல். மூன்றாமவரின் நாடியைப் பிடித்திருந்தபோது உள்ளிருந்து ராணியின் குரல் கேட்டது.

"ரெண்டு நாளும் நீங்களே புள்ளையக் குளிப்பாட்டுங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குச் சாயந்தரம் இவரு உங்க ரெண்டு பேரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாரு."

கமலம் பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள். அந்நியர் முன்னால் குரல் உயர்த்தாதவள்.

"தம்பி, இந்த ஊருல எங்களுக்குச் சொந்தக்காரங்க யாருமில்ல. உங்க மாமாகிட்ட இவரு பொய் சொல்லிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கணும்னுதான் வந்தோம். கோவிச்சுக்காதீங்க."

நாடி பார்த்த கையை நான் விட்டுவிட்டேன். எத்தனை துடிப்பு என்பது நினைவில்லை. சிவலிங்கம் தரையைப் பார்த்தார். மூட்டுவலிக்காரர், "இந்த வயசுலயா?" என்று யாரிடமோ கேட்டார்.

முதலில் சிரித்தவள் ராணிதான். "ஏன், வயசானா ஆகாதா? நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள் கணவனிடம். "நீங்க என்னையக் கூட்டிட்டுப் போனது மார்க்கெட்டுத் தராசு வரைக்குந்தான்!"

"தராசுக்கு நீதான வந்து நின்ன, எத்தன றாத்தல்னு பாக்க!"

"பாத்துட்டு நாலு பேருகிட்ட சொன்னது யாரு?"

வாசலில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் கை நனைக்காமல் போக விடவில்லை. சோறு, பீன்ஸ் கறி, நெத்தலிக் கருவாடு. சாப்பிட்டதும் பிள்ளையைக் குளிப்பாட்டும் முறையைக் கமலம் ராணிக்குச் செய்து காட்டினாள். காத்திருந்த நான்காவது ஆளையும் நான் பார்த்து முடித்தேன். பெட்டியைச் சிவலிங்கமே கடைவரை சுமந்து வந்தார். "மாமாகிட்ட எங்க வீட்டுலதான் இருந்தீங்கன்னு சொல்லிருங்க. மானத்த வாங்கிராதீங்க" என்றார். இப்போது பொய் அவருடையதும் ஆயிற்று.

ஐந்தரைக்கு அறையில் இருந்தோம். ஒரு கட்டில், இரண்டு கம்பளி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். கடைக்கார நானா தேநீர் கொடுத்தனுப்பியதோடு சரி, பிறகு யாரும் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. வெந்நீருக்கும் காத்திராமல் முதலில் ஏரிக்கரைக்குப் போனோம். புல் முழுக்க உறைபனி. தோட்டத்துப் பாதை ஒற்றையடிப் பாதை; அங்கே நான் முன்னால் போக, அவள் நாலடி பின்னால் வருவாள். இங்கே கரையோரப் பாதையில் இருவர் தாராளமாக நடக்கலாம். கடல் இல்லை, தென்னையும் இல்லை. குளிருக்கு அவள் தன் வலது கையை என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று எங்களைக் கடந்தது. மேலே உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. மணி 6.40.