வயிற்றில் கை வைக்காதீர்கள்

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் டாக்டரைத் தேடுகிற வழக்கம் கிடையாது. கடைசி வீட்டு அக்காவைத்தான் கூப்பிடுவோம். அக்கா உள்ளங்கையில் விளக்கெண்ணெய் ஊற்றி, வயிற்றை அழுத்தி நீவிக் குடலேற்றம் எடுப்பாள். பிள்ளை வீறிட்டுக் கத்தும், பிறகு தூங்கிவிடும். எல்லாருக்கும் திருப்தி.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பாவாடை நாடா எட்டவில்லை என்று நீளமாக வேறு நாடா கோத்தேன். பிள்ளை தேறிவிட்டாள் என்று பூரித்தும் போனேன். கை கால் மட்டும் குச்சியாகவே இருந்ததை யார் கவனித்தார்கள்? ஒருநாள் குளிப்பாட்டும்போது இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வலிக்கிறதா என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டுச் சோப்பைப் பிடுங்கி விளையாடினாள். வலிக்காத கட்டி என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் அவளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. அதற்குமேல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

விஷயம் தெரிந்ததும் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "குடலேத்தந்தான் தங்கச்சி, கூடவே சூடு. நல்லா நீவிவிட்டா இறங்கிடும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. வீட்டு விஷயத்தில் வாய் திறக்காதவர், அன்று திறந்தார். "ரத்தம் போகுதுக்கா. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டு வந்துடுறோம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் பூவைத் தொடுவதுபோல் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அவர் சொன்னதை எல்லாம், உதவிக்கு நின்ற டிரெஸ்ஸர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். குடலில் ஒன்றுமில்லை. சிறுநீரகத்தில் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற ஒருவகைப் புற்று. மருந்தில் கரையாது. அது இன்னும் ஒரு மெல்லிய தோலுக்குள் அடங்கி இருப்பதாக டாக்டர் நினைக்கிறார். அந்தச் சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. மிச்சம் இருக்கிற ஒன்று அவளுக்குப் போதும். தோல் கிழிந்தால் உள்ளே சிந்திப் பரவிவிடும்.

"அதனால ஆபரேஷன் வரைக்கும் யாரும் வயித்தை அமுக்கவோ தேய்க்கவோ கூடாது. நீங்களுந்தாம்மா."

அன்றே பிள்ளையை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நோயைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், நோய் பார்க்க வந்தவர்களைப் பொறுக்க முடியவில்லை. நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைப்பார்கள், நெற்றியைத் தொடுவார்கள், அடுத்த நொடி கை வயிற்றுக்கு இறங்கும். "கையை எடுங்க!" என்று கத்துவேன். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் இவளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே! ஓர் இளம் டாக்டர் தொட்டுப் பார்க்க வந்தபோது அவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் என் கையை நீட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. டிரெஸ்ஸர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். மகளோ கட்டிலில் ஏறிக் குதிப்பாள். பெண்ணைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பாள் என்பார்கள். எனக்கு அந்த நெருப்பு அவள் வயிற்றில் இருந்தது.

ஒருநாள் அக்கா வந்தாள். நான் எழுந்து கட்டிலை மறைத்து நின்றேன்.

"நகரு. எல்லாம் கேள்விப்பட்டேன்" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் ஜாகா இருக்கேன், ஒருத்தரையும் தொட விடமாட்டேன். நீ போய் ஒரு வாய் சாப்பிட்டு வா."

அரை மனதோடுதான் போனேன். சோறு இறங்கவில்லை, ஓடி வந்தேன். அக்கா யாரோ ஒரு அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கண்ணால பாருங்க, கையால பார்க்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நடந்த காலையில் நான் தாழ்வாரத்தை அளந்துகொண்டிருந்தேன். டிரெஸ்ஸர்தான் முதலில் வெளியே வந்தார். "முழுசா வந்துடுச்சும்மா, கிழியல. ஆனா திரும்ப வராதுன்னு சொல்ல முடியாதாம். பார்த்துக்கிட்டே இருக்கணும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு ஆறிவிட்டது, இனித் தொடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் என் கை அவள் விலாவுக்குக் கீழே இறங்கவில்லை. தழும்புக்கு அவளே சோப்புப் போட்டுக்கொள்வாள், நான் தண்ணீர் மட்டும் ஊற்றுவேன். அழுத்தினால் ஏதாவது தட்டுப்பட்டுவிடுமோ என்று பயம்.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு காலையில், "அம்மா, பாவாடை நாடா எட்டல" என்றாள்.

என் கையிலிருந்த சீப்பு விழுந்தது. ரிக்‌ஷா கூப்பிடுங்கள் என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துத் தழும்பின்மேல் வைத்து, தன் இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"அமுக்கிப் பாரும்மா. ஒண்ணும் இல்ல. நான் பெருசாயிட்டேன்லா."

அழுத்தினேன். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம். எங்கும் மெத்தென்றுதான் இருந்தது. அவள் கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். அவையும் சதை பிடித்திருந்தன. அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அவள் சிணுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, இன்னும் நீளமாக ஒரு நாடா கோத்துக் கொடுத்தேன்.