கண்ணுக்குச் சாம்பல், கமராவுக்குப் பச்சை

யோகன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவின் குறொன்லாண்டில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய மனைவி மஞ்சுளா அக்கா. "டீச்சர், அவர் விடிய ஆறு மணிக்குப் போயிட்டார். நித்திரையிலைதான். நோவு ஒண்டும் இருக்கேல்லை" என்றார். பிறகு அழுகையை விழுங்கிக்கொண்டு, "வெளியாலை ஒரே முகில். ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்று சேர்த்தார். வானத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்த வீட்டில் எந்தச் செய்தியும் முடிவதில்லை. முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் தரிப்பில் நின்று அழுதேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. சுரங்க ரயில் ஓட்டுநர். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்களைப் பல வருடமாக ஏற்றி இறக்கியவர், நாங்கள்தான் கவனித்திருக்கமாட்டோம். வேலை முடிந்தால் லோறென்ஸ்கூக்கில் தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள வயல்வெளியில் முக்காலியை ஊன்றிக்கொண்டு வடக்கே பார்த்தபடி நிற்பார். துருவ ஒளியைப் படம் எடுப்பதில் மனிதருக்கு அப்படியொரு பித்து.

ஒஸ்லோவில் அந்த ஒளி எப்போதாவதுதான் வரும். வந்தாலும் பெரும்பாலும் கண்ணுக்கு ஒரு மெல்லிய சாம்பல் முகில் போலத்தான் இருக்கும். கமராவைப் பத்து விநாடி திறந்து வைத்தால் அதே முகில் படத்தில் பச்சைப் பசேலென்று விழும். மற்றவர்கள் அந்தப் பச்சையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். இவர் ஒவ்வொரு படத்தின் கீழும் "கண்ணுக்குச் சாம்பல். கமராவுக்குப் பச்சை" என்று எழுதி வைப்பார். "கண்ணுக்கும் பச்சை" என்று எழுதியவை நாலோ ஐந்தோதான் இருக்கும். ஏன் இந்த வேலை என்று கேட்டால், "கமரா புளுகாது டீச்சர். கமராவைக் காட்டி நாங்கள்தான் புளுகிறம்" என்பார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததும் அந்த வரியால்தான். எங்கள் தமிழ்ப் பள்ளியின் நாட்காட்டியை ஒவ்வொரு வருடமும் நான்தான் தயாரிக்கிறேன். ஒரு வருடம் ஜனவரிப் பக்கத்துக்கு அவருடைய படத்தைப் போட்டேன். படமென்றால் அப்படியொரு படம். கீழே இந்த வரி. கலியாண வீட்டில் பெண்ணின் நெற்றியில் 'பவுடர் பூசியிருக்கு' என்று எழுதி ஒட்டியதுபோல எனக்கு இருந்தது. அவரைக் கேட்காமலே வெட்டிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பள்ளிக்குப் போனால், மனிதர் நடைவழியில் பிள்ளைகளின் கதிரையொன்றில் குந்தியிருந்து, அச்சகத்திலிருந்து வந்த நாட்காட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணை செய்யிறியள்? என்ர கலண்டரிலை கிறுக்காதேங்கோ!"

"உங்கட கலண்டரை நான் தொடேல்லை. என்ர படத்துக்குக் கீழைதான் எழுதுறன்."

"ஆர் உங்களைக் கேட்டது? சனம் வடிவைப் பாக்கட்டும், விடுங்கோ."

"பாக்கட்டும். நம்பி வந்து ஏமாறாமலும் இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெற்றோர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, "உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிரவில்லை. அடுத்த நாட்காட்டியை எடுத்தார். அதோடு எங்கள் பேச்சு முறிந்தது.

அவருடைய பேனாவிடமிருந்து தப்பியது ஒரே ஒரு பிரதி. அதை நான் முன்கூட்டியே கனடாவில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "உதைப் பாக்காமல் நான் சாகமாட்டன்" என்று மாசி மாதம் விமானம் ஏறி வந்துவிட்டார். வந்த ஆறாம் நாள் மாலை வானம் வெளித்தது. லோறென்ஸ்கூக் வயலைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு அங்கேதான் கூட்டிப்போனேன். யோகன் அண்ணை முக்காலியோடு நின்றார். அக்கா வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த முகிலுக்கோடி நான் இவ்வளவு தூரம் வந்தனான்?" என்றார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

'நான் அப்பவே சொன்னனான்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி அக்காவின் கையில் கொடுத்து, "போனை உள்ளை வையுங்கோ அக்கா. பத்து நிமிசம் ஒரு வெளிச்சத்தையும் பாக்காதேங்கோ. கண் பழகட்டும்" என்றார். நின்றோம். கால் விறைத்தது. பிறகு அந்தச் சாம்பல் மெல்ல நீண்டு, மடிந்து, ஒரு பக்கமாக நகர்ந்தது. "ஐயோ, அசையுதடி!" என்று அக்கா என் கையை இறுகப் பிடித்தார். அவர் கன்னத்தில் கண்ணீர். பச்சையைத் தேடி வந்த மனுசி சாம்பலைப் பார்த்து அழுதார். திரும்பும்போது நான் யோகன் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ டீச்சர். அக்காவின்ர கலண்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ. ஒரு வரி எழுதக் கிடக்கு" என்றார்.

போன கார்த்திகையில் நோய் அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டது. ஒருநாள் மாலை ஏழு மணிக்கு அழைத்தார். "இண்டைக்கு வருமெண்டு போட்டிருக்கிறாங்கள். என்ர அறை யன்னல் தெற்குப் பக்கம். ஒருக்கா வயலடிக்குப் போய்ப் பாத்துச் சொல்லுவியளே?"

போனேன். போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அடிவானத்தில் ஒரு வெளிறிய பட்டை, அவ்வளவுதான். அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. இந்த நிலையில் கிடக்கிற மனிதருக்குப் போய் அதைச் சொல்வதா? மனம் கேட்கவில்லை. "பச்சை அண்ணை! வானம் முழுக்க ஆடுது!" என்றேன்.

அவர் கேட்டார்: "கமராவிலையோ, கண்ணிலையோ?"

என்னிடம் கமராவே இருக்கவில்லை; இருந்த போனும் காதில்.

"சாம்பல் அண்ணை," என்றேன். "கீழை ஒரு பட்டை. இடப்பக்கம் கொஞ்சம் தடிப்பு. பெரிசா ஒண்டும் இல்லை."

"அசையுதோ?"

"ஓம். மெதுவா. இப்ப வலப்பக்கம் இழுபடுது."

"ம்... இப்பத்தான் டீச்சர் எனக்கும் தெரியுது."

அது மங்கி மறையும்வரை நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

இறுதிக் கிரியையில் பலர் பேசினார்கள். வள்ளல் என்றார்கள், ஞானி என்றார்கள். மஞ்சுளா அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தப் பெரிய சொற்களை அவர் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார் என்ற அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஆகவே நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். யோகன் அண்ணை பிடிவாதக்காரர். சரியென்று பட்டதை விட்டுக்கொடுக்க அவருக்குத் தெரியாது. அவருடைய தேத்தண்ணியில் சீனி அதிகம். வாசகங்களில் கஞ்சத்தனம், படத்துக்கு ஒரு வரிக்குமேல் எழுதமாட்டார். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். யாரைப் பற்றியாவது, எதைப் பற்றியாவது பெரிதாகச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அது வந்து முன்னால் நிற்கிறது.

நல்ல மனிதர் என்று இப்போது எழுதும்போதும் கேட்கிறது: "கமராவிலையோ, கண்ணிலையோ?"

கண்ணிலைதான், அண்ணை.