கடைசி ஆட்டக்காரர்

உத்திரமேரூர் உரக்கடைக்காரருக்குக் கனத்த மீசை. செஸ்ஸில் மற்றக் காய்களெல்லாம் வெட்டுப்பட்டு, ராஜாவும் ஒரு யானையும் மட்டும் மிஞ்சுகிற கடைசி ஆட்டத்தை செல்போனில் கம்ப்யூட்டரோடு ஓயாமல் பழகுவார். யூரியா வாங்க வந்தவர் யானை நகரும்வரை நிற்க வேண்டியதுதான்.

உள்ளூர் செஸ் போட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஆரம்பத்திலேயே ராணியைப் பறிகொடுத்தார். டீ ஆறுவதற்குள் அவர் ராஜாவையும் மடக்கிவிட்டேன்.

பலகையை முறைத்தவர் நடுவரைக் கூப்பிட்டார். "இன்னா சார் இது? பலகை நெறைய காய் கீது, அதுக்குள்ள முடிச்சிட்டாரு! கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

நடுவர் என் வெற்றியை அறிவித்தார். கடைக்காரரோ என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கைகுலுக்கினார். "வூட்டுக்குப் போயி கடைசி ஆட்டம் பழகிக்கோ நைனா. அதான் செஸ்ஸு."

அந்தப் பார்வை உறுத்தியதால் நானும் பழக ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் ஆரம்பத்திலேயே தோற்றுவிடுகிறேன்.